ஒட்டுவது குழந்தையின் கையாக இருக்கட்டும்



சின்னக் குழந்தைகளுக்கான கைவேலை பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் ஒட்டுச்சித்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன். காகிதம், துணி, நூல், இலை என்று கிடைப்பதை அட்டையில் ஒட்டி, மேலே கொஞ்சம் வண்ணமும் பூசுவது. கொலாஜ் என்கிறோமே, அதுதான்.

இதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். நம் பூலாம்பாடிப் பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம்தானே வெள்ளாமை? வெங்காயச் சருகு கண்ணாடி மாதிரி மெலிசாக இருக்கும். மக்காச்சோளக் கதிரின் மேல்தோலில் வரிவரியாக இருக்கும். பஞ்சு மெத்தென்று, சாக்குத் துணி சொரசொரவென்று. நாம் குப்பைக்கூடையில் போடுவதில்தான் இவ்வளவும் இருக்கிறது.

சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி 1950களின் பிற்பகுதியில் பார்வையை முழுதும் இழந்தார். அதன்பிறகும் அவர் நிறுத்தவில்லை. வண்ணக் காகிதங்களை வெட்டி, கையால் தடவிப் பார்த்தே ஒட்டிப் படங்கள் செய்தார். அவருடைய மாணவர் சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். விரலுக்கும் பார்வை உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்கும் அப்படித்தான், தொட்டுத்தான் தெரிந்துகொள்ளும்.

செய்முறை எளிது. ஒரு கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டி ஆறவிட்டால் பசை தயார். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், குழந்தைகள் தொடும் பசையில் போடவே கூடாது. மெல்லிய தாள் ஈரத்தில் சுருண்டுவிடும், பழைய அட்டைப்பெட்டியை வெட்டிக் கொடுங்கள். முதலில் காகிதத்தைக் கிழித்து ஒட்டட்டும். கத்தரிக்கோல் பிறகு வரட்டும், கிழிப்பதே விரலுக்கு நல்ல பயிற்சி. அது காய்ந்தபின் கனமான பொருள்கள்.

மூன்று வயதுக்குள் இருந்தால் மணி, விதை, பட்டன் வேண்டாம். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். குன்றிமணி, ஆமணக்கு, அரளி மூன்றும் நஞ்சு. எந்த வயதுக் குழந்தையிடமும் தராதீர்கள்.

கடைசியாக ஒன்று. குடியிருப்புகளில் போட்டி வைத்தால் பரிசு வாங்கும் படங்களில் பெரும்பாலும் அம்மா அப்பாவின் கைதான் தெரிகிறது. கோணலாக ஒட்டிய சூரியனை நாம் நேராக்கினால் படம் அழகாகலாம். ஆனால் அடுத்த முறை குழந்தை, "நீயே ஒட்டும்மா" என்று அட்டையை நீட்டிவிடும். அந்தத் தைரியம் ஒருமுறை போனால் திரும்ப வர நாளாகும்.

அதனால் நம் குடியிருப்பில் பரிசு வேண்டாம். எல்லாப் படங்களையும் கீழ்த்தளத்தில் வரிசையாக மாட்டுவோம். "இது என்ன கண்ணு?" என்று கேட்டு, குழந்தை சொன்னதை அப்படியே பின்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள். பத்து வருஷம் கழித்துப் பார்க்கும்போது அந்த வரிக்காகவே படத்தைப் பத்திரப்படுத்துவீர்கள்.