வளாகத்து மரமும் கரிமக் கணக்கும்



2025 மார்ச் இறுதியில், விடுமுறை நாட்களாகப் பார்த்து, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபவுலியில் புல்டோசர்கள் இறக்கப்பட்டன. 400 ஏக்கரைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஏலம் விடுவது தெலங்கானா அரசின் திட்டம். தடுக்க வந்த மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். ஏப்ரல் 3 அன்று உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து தடை விதிப்பதற்குள் சுமார் 100 ஏக்கரில் மரங்கள் சாய்ந்துவிட்டன.

ஆவணப்படி அது காடே அல்ல என்றது அரசு. நிலம் அரசுடையது என்பதை நீதிமன்றங்களும் ஏற்றிருந்தன. ஆனால் பட்டா யார் பெயரில் என்பது ஒரு கேள்வி. அங்கு நின்ற மரங்கள் என்ன வேலை செய்துகொண்டிருந்தன என்பது வேறு கேள்வி.

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, அதன் கரிமத்தைத் தண்டிலும் கிளையிலும் வேரிலும் கட்டையாகச் சேமிக்கிறது. நீர் நீங்கிய எடையில் ஏறத்தாழப் பாதி கரிமமே. ஒரு கிலோ கரிமம் என்பது 3.67 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆகவே உலர் எடையில் ஒரு டன் தேறும் வேம்பு சுமார் 1.8 டன் வாயுவைப் பூட்டி வைத்திருக்கிறது. இதை அறிய மரத்தை வெட்டவேண்டியதில்லை. நெஞ்சுயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில், சுற்றளவை அளந்து, உயரத்தையும் கட்டையின் அடர்த்தியையும் சேர்த்துக் கணக்கிடலாம். தாவரவியல் மாணவர் கையில் ஒரு நாடா இருந்தால் தொடங்கிவிடலாம்.

இந்த அளவைப் பெரிதுபடுத்தவும் கூடாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். அந்த வேம்பின் பல்லாண்டுச் சேமிப்பு 800 லிட்டர் பெட்ரோலுக்குள் அடங்கிவிடும். வளாகத்தில் தோப்பு இருக்கிறது என்று சொல்லி நகரப் பேருந்துகளைக் குறைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு துணைநிற்காது.

“ஒன்றை வெட்டினால் பத்து நடுவோம்” என்பதும் இதே கணக்கில்தான் உடைகிறது. சுற்றளவு இரு மடங்கானால் தண்டின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகிறது. உயரமும் கூடுவதால் கட்டை அதற்கும் மேல் பெருகுகிறது. விரல் பருமனுள்ள கன்றுகள் பத்தும் பிழைத்தாலும், முதிர்ந்த ஒரு மரத்தை எட்டப் பல்லாண்டுகள் ஆகும். வெட்டிய மரமோ விறகாய் எரிந்தால் அன்றே தன் சேமிப்பைக் காற்றுக்குத் திருப்பிவிடும். புரட்டிப்போட்ட மண்ணும் தன் பங்கை இழக்கும். ‘நட்ட மரங்கள்’ பட்டியலில் அதற்கு இடமே கிடையாது.

ஏப்ரல் 16 விசாரணையில், அழிந்த 100 ஏக்கரை எப்படி மீட்பீர்கள் என்று அரசிடம் நீதிமன்றம் திட்டம் கேட்டது. அதற்கு முதலில் தேவைப்படுவது ஒரு பதிவேடு: எந்த மரம், எவ்வளவு சுற்றளவு. புல்டோசரை அனுப்பும் முன் அதை எடுத்தவர் யார்?