சிபாரிசு அன்று, சான்று!

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கடிதம். சட்டக் கல்விக்கு விண்ணப்பிக்கும் மாணவர், தம் பேராசிரியரிடமிருந்து பெறவேண்டிய பரிந்துரைக் கடிதம். “இதற்கும் ஒரு மேடை வேண்டுமோ?” என்று சிலர் எண்ணக்கூடும். வேண்டும் என்பதை எம் சங்கமே செய்த பிழை ஒன்று எமக்குக் கற்பித்தது. அதனை மறையாது கூறுவதே முறை.

நம் ஸ்கெலட்டன் குடியிருப்பைச் சேர்ந்த பெண் ஒருத்தி பெங்களூரில் சட்டம் பயின்றாள். அவள் பாட்டனார் சுரங்கத்தில் உழைத்தவர். கடல் கடந்து சென்று சட்டத்தில் முதுநிலைப் பட்டம் பெறவேண்டும் என்பது அவள் அவா. “பரிந்துரைக் கடிதங்கள் வேண்டுமாம், ஐயா” என்று சங்கத்திற்கு வந்தாள். யாமும் பெருமகிழ்ச்சியோடு சங்கத்தின் முத்திரைத் தாளில், நற்குடிப் பிறந்தவள், நல்லொழுக்கம் உடையவள், தமிழ்ப் பற்று மிக்கவள் என்றெல்லாம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். சில வாரங்களில் அப்பல்கலைக்கழகத்திலிருந்து மறுமொழி வந்தது. “இம்மாணவிக்குப் பாடம் கற்பித்தவர்கள் எழுதிய கடிதமே வேண்டும்” என்பதே அதன் சாரம். உடனே அவள் தன் பேராசிரியர் ஒருவரை நாடிச் சென்றாள். அவர் நல்லவர்தாம். ஆயினும் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உன் எண் எனக்குத் தெரிகிறது; உன்னைத் தெரியவில்லையே அம்மா!” என்றாராம். கடைசி நாள் கடந்தது. ஓராண்டு வீணாயிற்று.

அன்பர்களே! “உன் எண் தெரிகிறது; உன்னைத் தெரியவில்லை” என்னும் சொல் எம் நெஞ்சைத் தைத்தது. இந்தத் தங்கவயலுக்கு அச்சொல் புதிதன்று. தொழிலாளரின் கைரேகையைப் பதிந்துவைக்கும் முறையை எதிர்த்து 1930-ஆம் ஆண்டில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தனர். எம்மை ஒரு ரேகையாக அறியாதீர், மனிதராக அறிவீர் என்பதே அவர்களது முழக்கத்தின் உட்பொருள் என்று யாம் கருதுகின்றோம். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரியில் வெறும் எண்ணாக இருந்து திரும்பலாமோ?

அவர்கள் ஏன் அவ்வாறு இருந்து திரும்புகின்றனர் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், நம் மக்களில் மிகப் பலருடைய பிழைப்பும் படிப்பும் இரயில் வண்டியை நம்பியே நடக்கின்றன. இருள் பிரியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறி, பொழுது சாய்ந்த பின் வீடு திரும்புகின்றனர். வகுப்பு முடிந்ததும் மற்ற மாணவர் ஆசிரியரைச் சூழ்ந்து ஐயம் கேட்கின்றனர். நம் பிள்ளையோ மாலை வண்டியைப் பிடிக்க ஓடுகிறது. அறிவில் குறைவில்லை, உழைப்பிலும் குறைவில்லை. ஆசிரியர் அறியும்படி நின்று பேச ஒரு நாழிகை இல்லை. அக்குறையே இறுதியில் ஒரு கடிதத்தின் வடிவில் வந்து வழிமறிக்கின்றது.

இன்னொரு காரணமும் உண்டு. கடிதம் என்றதும் நமக்கு நினைவு வருவது ‘சிபாரிசு’ என்னும் சொல்லே. மேஸ்திரியின் சொல்லாலும் ஒப்பந்தக்காரரின் சொல்லாலும் வேலை கிடைத்த காலத்தைக் கண்ட ஊர் இது. எனவே, பெரிய மனிதர் ஒருவர் எழுதினால் கதவு திறக்கும் என்று நம்புகின்றோம். பல்கலைக்கழகம் கேட்பது அதுவன்று. இம்மாணவர் எவ்வாறு சிந்திக்கிறார், எவ்வாறு எழுதுகிறார், பிழையைச் சுட்டினால் திருத்திக்கொள்கிறாரா என்பதை அருகிருந்து கண்டவரின் சொல்லையே அது கேட்கின்றது. சிபாரிசு, எழுதுபவரின் செல்வாக்கைக் காட்டும். சான்று, எழுதப்படுபவரின் தகுதியைக் காட்டும். வள்ளுவப் பெருந்தகை ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்ந்து அறிந்த பின்னரே நம்புதல் என்னும் அந்நெறியே இக்கடிதத்தின் நெறியும் ஆகும்.

இதற்கு ஓர் உயர்ந்த சான்று காட்டுவோம். 1954-ஆம் ஆண்டில் நம் தங்கவயலுக்கு வருகை தந்த அண்ணல் அம்பேத்கர் அவர்களை நினைத்துப் பாருங்கள். பரோடா அரசின் உதவித்தொகை பெற்று 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே பொருளியல் பேராசிரியர் எட்வின் செலிக்மன் அவரது ஆசிரியர். 1916-இல் அம்பேத்கர் இலண்டன் சென்றபோது, செலிக்மன் அங்கிருந்த அறிஞர்களுக்கு அவரைக் குறித்துக் கடிதம் எழுதினார்.  இலண்டன் பொருளியல் பள்ளியிலும், சட்டம் பயிலக் கிரேஸ் இன் என்னும் நிறுவனத்திலும் அவர் அவ்வாண்டே சேர்ந்தார். உதவித்தொகை முடிந்தமையால் 1917-இல் தாயகம் திரும்ப நேர்ந்தும், 1920-இல் மீண்டும் சென்று அவ்விரு கல்வியையும் நிறைவு செய்தார். அந்த ஆசிரியரின் அன்பும் ஒரு கடிதத்தோடு முடிந்துவிடவில்லை. 1925-இல் அம்பேத்கரின் மாகாண நிதி பற்றிய நூல் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவரும் செலிக்மனே! குலமும் செல்வமும் துணைநில்லாத ஒருவருக்கு, அவரது படிப்பைக் கண்ட ஆசிரியரின் சொல் துணை நின்றது என்பதை நம் பிள்ளைகள் மறத்தலாகாது.

இனி, நடைமுறையைச் சிறிது விளக்குவோம். நம் நாட்டில் சட்டக் கல்லூரியில் சேரப் பெரும்பாலும் பரிந்துரைக் கடிதம் வேண்டுவதில்லை. 1987-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசியச் சட்டப் பள்ளியின் ஐந்தாண்டுப் படிப்பிற்கு, 2008-இல் தொடங்கிய ‘கிளாட்’ என்னும் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணே வழி. ஆகவே, “கடிதம் வாங்கித் தருகிறோம், பணம் தாருங்கள்” என்று எவரேனும் வந்தால், பெற்றோர்களே, ஏமாறாதீர்கள்! கடிதம் வேண்டுவது பெரிதும் அயல்நாட்டுக் கல்விக்கே. ஆக்ஸ்போர்டின் முதுநிலைச் சட்டப் படிப்பிற்கு மூவரும், ஹார்வர்டின் முதுநிலைச் சட்டப் படிப்பிற்கு இருவரும் எழுதவேண்டும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கும் இருவர் சான்று வேண்டும். கடிதத்தை மாணவர் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் இன்று அருகிவிட்டது; ஆசிரியரே இணையவழி நேராக அனுப்புகின்றார்.

மாணவர்களே! கேட்கும் முறையையும் அறிந்துகொள்ளுங்கள். கடைசி நாளுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே ஆசிரியரைக் காணுங்கள். “எனக்காக உறுதியோடு எழுத இயலுமா, ஐயா?” என்று கேளுங்கள், இயலாது என்று சொல்ல அவருக்கும் இடம் விடுங்கள். அரைமனத்தோடு எழுதிய கடிதம் இல்லாமையினும் கேடு. மதிப்பெண் பட்டியல், நீங்கள் அவர் வகுப்பில் எழுதிய கட்டுரை, விண்ணப்பத்தில் எழுதும் நோக்கவுரை, பல்கலைக்கழகங்களின் பெயர், கடைசி நாள் ஆகியவற்றை ஒருங்கே கொடுங்கள். ஆசிரியர் சிலர், “நீயே எழுதிக் கொண்டு வா, கையொப்பமிடுகிறேன்” என்பர். பணிச்சுமையால் அவ்வாறு சொல்வர். அப்போது புகழுரை புனையாதீர்கள். எந்த ஆண்டு, எந்தப் பாடம், என்ன கட்டுரை, எந்த வாதம் என்னும் உண்மைகளை மட்டும் குறித்துக் கொடுத்து, மதிப்பீட்டை அவர் கையால் எழுதும்படி பணிவுடன் வேண்டுங்கள். பொய்க் கடிதம் வெளிப்பட்டால் கிடைத்த இடமும் போகும்; அடுத்து வரும் நம் பிள்ளையின் மெய்க் கடிதமும் ஐயத்திற்கு உள்ளாகும்.

நம் பெண்ணின் கதைக்கு வருவோம். பேராசிரியர் அறியேன் என்றதும் அவள் சோர்ந்து வீட்டில் அமரவில்லை. சுரங்கம் மூடப்பட்ட காலத்தில் நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தைப் பற்றி முன்பு அவள் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அதனைப் படித்த விரிவுரையாளர் ஒருவர் அதை மறக்கவில்லை. “நன்று, ஆனால் இரண்டாம் பகுதி வலுவில்லை” என்றார். அவள் திருத்தினாள். மீண்டும் குறை சொன்னார், மீண்டும் திருத்தினாள். வாரத்தில் இரண்டு நாள் மாலை வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் வந்தாள். அவள் தந்தையார் இரவில் நிலையத்தில் காத்திருந்து அழைத்து வந்தார். இவ்வாண்டு அந்த விரிவுரையாளரே கடிதம் எழுதி அனுப்பியுள்ளார். அவள் அறியாத கடிதம். ஆயினும் அவள் உழைப்பால் எழுந்த கடிதம். முடிவு இன்னும் வரவில்லை. எம் சங்கத்தின் முத்திரைத் தாளோ பெட்டியில் பத்திரமாக இருக்கின்றது!

பெற்றோர்களே! அத்தந்தை நிலையத்தில் நின்ற அந்த ஒரு மணி நேரமே உங்களிடம் யாம் வேண்டுவது. “வகுப்பு முடிந்ததும் நேரே வந்துவிடு” என்னும் கட்டளையை வாரத்தில் ஒரு நாளேனும் தளர்த்துங்கள். பெண் பிள்ளையாயின் எதிர்கொண்டு அழைத்து வாருங்கள். சங்கமும் தன் பங்கைச் செய்யும். ஸ்கெலட்டன் பிள்ளைகள் தாமதமாக வரும் நாள்களில், நிலையத்திலிருந்து துணையாக அழைத்துவர எம் உறுப்பினர் முறைவைத்துச் செல்வர் என்று இம்மேடையில் உறுதி கூறுகின்றோம்.

பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்த்தே மாற்றுக் காண்பர். நம் பிள்ளைகளும் ஆசிரியர் என்னும் உரைகல்லை நெருங்கட்டும்.