சாமியாரை எப்போது அழைப்பது?

(பொன்விழா முந்நாள் தயாரிப்பில், நோயாளர் மாலையன்று ஆற்றிய உரை)



நம் பாட்டிமார் இந்தத் திருவருட்சாதனத்தை அவஸ்தைப்பூசுதல் என்றார்கள். பெயரே பயமுறுத்துகிறது! நோயாளிக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கிய பிறகே கோவிலுக்கு ஆள் ஓடும். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு தெருவில் நுழைந்தால், "யார் வீட்டில் சாவு?" என்பார்கள். பெயர் மாறிய பின்னும் பயம் மாறவில்லை. "சாமி வந்தால் அப்பா பயந்துவிடுவார்" என்று பிள்ளைகள் நாளைத் தள்ளுகிறார்கள். பயப்படுவது அப்பாவா, பிள்ளைகளா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. கடைசியில் குருவானவர் வரும்போது நோயாளிக்கு நினைவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. நற்கருணை வாங்க நா அசையாது.

ஆதியில் இப்படி இல்லை. ஆண்டவர் அனுப்பிய சீடர்கள் நோயாளிகளுக்கு எண்ணெய் பூசிக் குணமாக்கினார்கள் என்று மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரம் சொல்கிறது. புனித யாகப்பர் தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில், நோயுற்றவன் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும் என்கிறார். நோயாளியே அழைக்க வேண்டுமாம். பேச்சு உள்ளவன்தானே அழைக்க முடியும்?

416ஆம் ஆண்டில் பாப்பரசர் முதலாம் இன்னொசெந்து எழுதிய கடிதம் ஒன்று உண்டு. ஆயர் மந்திரித்த எண்ணெயை அக்காலத்தில் விசுவாசிகளே தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் பூசிக்கொண்டார்கள் என்று அதிலிருந்து தெரிகிறது. நாளடைவில் இது குருக்களுக்கு மட்டுமே உரியதாகி, மரணப் படுக்கையோடும் ஒட்டிக்கொண்டது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நோயில்பூசுதல் என்ற பெயரே அதிகப் பொருத்தம் என்றது. 1972இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் புதிய முறையை வகுத்தார். முன்பு ஐம்பொறிகளுக்கும் பூசினார்கள். இப்போது நெற்றியிலும் கைகளிலும். ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் ஆகும்.

சளி, காய்ச்சலுக்கு இது வேண்டாம். கடும் நோயுற்றவர், அதற்காக ஆப்பரேஷனுக்குப் போகிறவர், தளர்ந்துபோன முதியோர் எல்லாரும் வாங்கலாம். தேறியவர் மறுபடி நோயுற்றால் மறுபடியும் வாங்கலாம். 1981 மே 13ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சுடப்பட்டபோது, ஆப்பரேஷனுக்கு முன் அவருக்கு நோயில்பூசுதல் கொடுக்கப்பட்டது. அதன்பின் 2005 வரை உயிரோடிருந்தார்! எண்ணெய் பட்டால் சாவு என்போர் இதற்கு என்ன சொல்வார்கள்?

எண்ணெய் பூசியாயிற்று, மருந்து எதற்கு என்பாரும் உண்டு. நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் இரசமும் வார்த்ததோடு நிற்கவில்லை. சத்திரத்தில் சேர்த்துக் காசும் கொடுத்தான். திருத்தலங்களிலிருந்து கொண்டுவரும் எண்ணெயைப் பக்தியோடு பூசிக்கொள்வது நல்லதே. ஆனால் அது வேறு, இது வேறு. இந்தத் திருவருட்சாதனத்தை ஆயரும் குருவும் மட்டுமே தரமுடியும்.

ஆகவே ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தவுடன் பங்குக் குருவிடமும் சொல்லிவிடுங்கள். அவர் வரும்போது சிறு மேசையில் வெள்ளைத்துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் மெழுகுதிரியும் வையுங்கள். வீட்டார் வாசலில் அழுதுகொண்டு நிற்க வேண்டாம். கட்டிலைச் சுற்றி நின்று செபத்தில் சேருங்கள். பாவசங்கீர்த்தன நேரத்தில் மட்டும் சற்று ஒதுங்கினால் போதும்.