மக்குவதும் மக்காததும்



குப்பையைப் பற்றிப் பேசுவதற்கும் ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். நாம் தினமும் செய்கிற ஒரு காரியத்தின் பலன் வேறொருவர் தலையில் விழுமானால், அதைப் பேசித்தான் ஆகவேண்டும்.

வாழைத்தோலையும் சாப்பிட்ட இலையையும் குழியில் போட்டால் சில மாதங்களில் எருவாகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும், பூஞ்சைகளும், மண்புழுக்களும் அவற்றைத் தின்று ஜீரணிப்பதே இதற்குக் காரணம். அவற்றுக்குக் காற்றும் ஈரமும் வேண்டும். காற்றில்லாமல் குப்பைமேட்டின் அடியில் அமுங்கிக் கிடந்தாலோ, அதே வாழைத்தோல் மீத்தேன் என்னும் தீப்பற்றும் வாயுவைக் கக்கும்.

பாலித்தீன் பையின் சங்கதி வேறு. 1933-ல் இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சிச் சாலையில் தற்செயலாய்க் கிடைத்த வஸ்து அது. அதன் நீண்ட கரிச் சங்கிலியை அறுத்துத் தின்னும் வல்லமை மண்ணிலுள்ள உயிர்களுக்கு அநேகமாய் இல்லை. ஆகவே அது மக்காமல், வெய்யிலில் நொறுங்கிப் பொடியாகிறது. பொடியானதால் ஒழிந்துவிட்டதென்று நினைப்பது, கடன் பத்திரத்தைப் பத்துச் சீட்டாகப் பிரித்தெழுதிவிட்டுக் கடன் தீர்ந்ததென்று சொல்வதற்கு ஒப்பாகும். கண்ணாடியும் மக்காது, ஆனால் உருக்கினால் மறுபடியும் கண்ணாடியாகும்.

இரண்டையும் கலப்பதில்தான் கேடு வருகிறது. மிஞ்சிய சோற்றைப் பையில் முடிந்து எறிந்தால் சோறும் எருவாகாது, பையும் உதவாது. மாடு பையோடு விழுங்கிச் சாகும்.

2016-ல் இந்திய சர்க்கார் வகுத்த விதிகள் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொல்லின. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பை முதலியவை தடை செய்யப்பட்டன. சரி, பிரிக்கிற வேலையை யார் செய்கிறார்கள்? நாம் அரை நிமிஷத்தில் செய்யக்கூடியதை, துப்புரவுத் தொழிலாளி அழுகிய குவியலில் கையை விட்டுச் செய்கிறார். உடைந்த கண்ணாடியும் ஊசியும் அந்தக் கையைக் கிழிக்கின்றன. அவ்வேலை பெரும்பாலும் எந்த ஜாதியார் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்பது நீங்கள் அறியாததா? நம் எச்சிலைத் தொட நமக்கே அருவருப்பென்றால், அதை இன்னொருவர் தொடவேண்டுமென்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

ஆகவே தோழர்களே, மக்குவதற்கு ஒரு கூடை, மக்காததற்கு ஒரு கூடை வையுங்கள். ஊசி, உடைந்த கண்ணாடி, பாட்டரி ஆகியவற்றைத் தனியே கட்டி, இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். கொல்லை உள்ளவர்கள் குழி வெட்டுங்கள். கடைக்குப் போகும்போது துணிப்பை எடுத்துச் செல்லுங்கள். நாளைக் காலையே இதைத் துவக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.