லிங்க் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும்

(பொது அறைக்கு ஒரு சிறிய சி.என்.சி. மெஷின் வாங்கும் யோசனை குறித்து, நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கியில் கிளார்க் வேலை. இவர் மெஷினைப் பற்றி என்ன பேசப்போகிறார் என்று சிலர் நினைக்கலாம். ரிட்டயர் ஆன பிறகு என் மகன் ஒரு குட்டி மெஷினை வாங்கிக் கொடுத்து, "சும்மா உட்காராம இதை நோண்டிக்கிட்டு இருங்கப்பா" என்றான். அன்றிலிருந்து நோண்டுகிறேன். நம் பிளாக்கில் சில வீட்டு வாசலில் இருக்கும் பெயர்ப்பலகைகள் அதில் செய்தவைதான்.

பூஜை அறைக் கதவில் பூ வேலை செய்யும் பெரிய சி.என்.சி. மெஷினை மரப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது அதன் குழந்தை. 3018 என்பார்கள், 30 செ.மீ.க்கு 18 செ.மீ. இடத்தில் செதுக்கும். சங்கத்துக்கு வாங்க நினைப்பதும் இந்த மாதிரிதான். பிள்ளைகள் கற்றுக்கொள்ள நல்ல சாமான், வாங்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் எந்த மெஷின் என்பதைவிட, அதை எந்த சாஃப்ட்வேரில் ஓட்டப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இணையதளத்தைத் திறந்து அதிலேயே படம் வரைந்து அங்கிருந்தே மெஷினை ஓட்டுவது. மற்றொன்று, நம் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொண்டு நெட் இல்லாமல் ஓட்டுவது.

முதல் வகையை நான் குறை சொல்லமாட்டேன். நானே அதில்தான் ஆரம்பித்தேன். இன்வென்டபிள்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஈசல் அந்த வகையில் பிரபலமானது. பத்து வயதுப் பிள்ளைகூட அரை மணியில் பழகிவிடும். கம்ப்யூட்டர் கெட்டுப்போனாலும் வரைந்த படம் அங்கே பத்திரமாக இருக்கும்.

ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம். மறுநாள் காலை உறவில் ஒரு கல்யாணம். பரிசாகக் கொடுக்க மணமக்கள் பெயர் செதுக்கிய பலகை செய்ய வேண்டும். மழையில் பிராட்பேண்ட் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. போன் நெட்டில் ஓட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். தீபத்தன்று நம் ஊரில் போன் நெட் என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லட்சக்கணக்கான ஜனம்; வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தேக்குப் பலகை தயார், மெஷின் தயார், கரண்டும் இருக்கிறது. நான் வரைந்த படத்தை நானே திறக்க முடியவில்லை. கடைசியில் மொய்க் கவரோடு கல்யாணத்துக்குப் போனோம்.

அப்போது எனக்கு பிராஞ்ச் ஞாபகம் வந்தது. 1984-ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை வந்தபின் வங்கிகளில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. பிறகு கோர் பேங்கிங். எந்த ஊர்க் கணக்கையும் எந்த ஊரிலும் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் லிங்க் போனால், பெட்டகத்தில் பணம் இருந்தும் கொடுக்க முடியாது. "லிங்க் இல்லை சார், அப்புறம் வாங்க" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! அன்று என் வீட்டிலேயே நான் கஸ்டமர் ஆனேன்.

நெட் மட்டுமல்ல, நிபந்தனைகளும் மாறும். ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃப்யூஷன் 360-ஐ உலகெங்கும் பொழுதுபோக்குக்காரர்கள் இலவசமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 2020 அக்டோபரில் அந்த இலவசப் பதிப்பைச் சுருக்கினார்கள். ஒரே சமயத்தில் 10 ஃபைல்களில் மட்டுமே திருத்தம் செய்யலாம். வெட்டாமல் காற்றில் நகரும்போது வேகமாகப் போகும் வசதியும் போனது. அதனால் வேலை முடிய நேரம் கூடியது. அது அவர்கள் உரிமை. ஆனால் வருஷச் சந்தா என்று வந்தால், நம் மெயின்டனன்ஸ் பணத்தில் அது ஆண்டுதோறும் வரும் செலவு. மெஷின் ஒருமுறைச் செலவு. இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதாதீர்கள்.

பாதுகாப்பும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 15 அன்று பாம்பு லேப் நிறுவனத்தின் கிளவுட் கோளாறால், சில வீடுகளில் 3டி பிரிண்டர்கள் யாரும் சொல்லாமல் தாமாகவே ஓட ஆரம்பித்தன. பிரிண்டருக்கே அப்படி என்றால், வெட்டும் மெஷினில் யோசிக்க வேண்டும்.

அதற்காக ஆஃப்லைன் என்றால் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. என் மெஷின் போர்டில் இருப்பது ஜி.ஆர்.பி.எல். என்ற புரோகிராம். நார்வேக்காரர் ஒருவர் 2009-ல் எழுதி இலவசமாகக் கொடுத்தது. வெட்டும் பாதை வரி வரியாக கம்ப்யூட்டரிலிருந்து அதற்குப் போகும். அது ஒரு சமயத்தில் 128 எழுத்தளவுதான் வாங்கி வைத்துக்கொள்ளும். கேஷியருக்கு டோக்கன் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பது மாதிரி. ஒருநாள் நான் காபி குடிக்கப் போன நேரத்தில் லேப்டாப் தூங்கிவிட்டது. வரி வருவது நின்றது, மெஷின் நகரவில்லை. ஆனால் வெட்டுமுனை அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. "என்னங்க, ஏதோ கருகுது!" என்று வீட்டில் சத்தம் போட்ட பிறகுதான் ஓடினேன். பலகையில் கறுப்பாக ஒரு குழி. அந்தப் பலகையை இங்கே கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள்.

ஆகவே என் யோசனைகள் நான்கு.

ஒன்று: படத்தை எங்கே வேண்டுமானாலும் வரையட்டும். மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேர் நம் பொது அறைக் கம்ப்யூட்டரிலேயே இருக்க வேண்டும். யுனிவர்சல் ஜி-கோட் சென்டர், கேண்டில் இரண்டும் இலவசம். பட்டறைக்காரர்கள் பலர் பென் டிரைவைக் கன்ட்ரோலரில் செருகித்தான் ஓட்டுகிறார்கள். பிழைப்பை நெட்டை நம்பி வைக்கவில்லை.

இரண்டு: வரைந்ததையும் வெட்டும் பாதையையும் அன்றன்றே கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று சேமிக்க வேண்டும். வங்கியில் நாள் முடிவில் கணக்கை முடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

மூன்று: கம்ப்யூட்டர் தூங்காதபடி செட் செய்ய வேண்டும். மெஷின் ஓடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், கண்ணாடி கட்டாயம். கிளம்பும்போது மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும்.

நான்கு: சந்தா கட்டும் எதையும் பொதுக்குழு ஒப்புதல் இல்லாமல் எடுக்கக் கூடாது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை சொல்கிறேன். கடைக்காரரிடம், "வை-ஃபையை அணைத்துவிட்டு ஒரு எழுத்து வெட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். வெட்டினால் பில் போடச் சொல்லுங்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் ஞாயிறு காலை என் வீட்டுக்கு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். ஒரு துண்டுப் பலகையில் அவர்கள் பெயரை அவர்களே வெட்டட்டும். காபி நம் வீட்டில். இந்த முறை மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து குடிப்போம்.