பானைக்குள் இருக்கும் பணம்



கையில் நாலு காசு மிஞ்சுகிறது. அதை எங்கே வைக்கிறார்கள்? சிலர் அரிசிப் பானையில் வைக்கிறார்கள். சிலர் பழைய சேலை மடிப்பில் வைக்கிறார்கள். வங்கி பக்கத்துத் தெருவில்தான் இருக்கும். ஆனாலும் அங்கே போவதில்லை.

"படிக்காத ஜனங்கள், இவர்களுக்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேலி பேசுகிறார்கள். அது சரியல்ல. இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

கேரளத்தில் பாலா என்று ஓர் ஊர். அங்கே பாலாய் சென்ட்ரல் பாங்க் என்ற வங்கி இருந்தது. அந்த மாநிலத்திலேயே பெரிய வங்கி அதுதான். 1960-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அதை மூடிவிட்டார்கள். மக்கள் போட்ட பணம் உள்ளே மாட்டிக்கொண்டது. இப்படி ஒன்று நடந்தால் ஊர் மறக்குமா? தாத்தா சொல்லுவார். பேரன் கேட்டுக்கொள்வான்.

அதற்குப் பிறகுதான் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வங்கியில் போடும் பணத்துக்கு 1962 முதல் காப்பீடு வந்தது. வங்கி மூழ்கினாலும் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை கிடைக்கும் என்றார்கள். இந்த வரம்பு பிறகு பல முறை உயர்ந்தது. 2020-இல் 5 லட்சம் ரூபாய் ஆனது. காப்பீட்டுக்குப் பணம் கட்டுவது வங்கிதான். பணம் போட்டவர் தனியாக எதுவும் கட்ட வேண்டாம்.

ஆனால் ஒன்று. 'அதிக வட்டி தருகிறோம்' என்று பலகை மாட்டும் பைனான்ஸ் கம்பெனிக்கு இந்தக் காப்பீடு கிடையாது. சீட்டுப் பணத்துக்கும் கிடையாது. அங்கே பணத்தைத் தொலைத்தவர்கள், "பாங்கில் போட்டேன், போச்சு" என்று சொல்வார்கள். கெட்ட பெயர் வங்கிக்கு வரும்!

பணம் போய்விடுமோ என்ற பயம் மட்டும்தானா? இல்லை. வங்கிப் படி ஏறவே கூச்சம். அதுவும் ஒரு காரணம்.

1969-இல் அரசு 14 பெரிய வங்கிகளைத் தன் கையில் எடுத்தது. இனி ஏழைகளுக்கும் வங்கி என்றார்கள். குஜராத் மாநிலத்தில் அகமதாபாத் என்ற நகரம் இருக்கிறது. அங்கே காய்கறி விற்கும் பெண்கள், கைவண்டி இழுக்கும் பெண்கள், வீட்டில் துணி தைக்கும் பெண்கள் சேர்ந்து 1972-இல் 'சேவா' என்ற சங்கம் அமைத்தார்கள். இலா பட் என்ற அம்மையார் அதை முன்நின்று நடத்தினார். சங்கம் அந்தப் பெண்களை அரசு வங்கிகளுக்கு அழைத்துப் போனது.

பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். சேலையில் தெருப் புழுதி இருந்தது. வங்கி ஊழியர்கள் முகம் சுளித்தார்கள். பெண்களுக்குப் படிவம் நிரப்பத் தெரியவில்லை. வங்கி திறந்திருக்கும் நேரமோ வியாபார நேரம். கடையை விட்டுவிட்டு வந்தால் அன்றைய கூலி யார் தருவார்?

அப்போதுதான் பெண்கள் சொன்னார்கள்: நமக்கு நாமே ஒரு வங்கி வைத்துக்கொள்வோம். 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று அதிகாரிகள் தயங்கினார்கள். வங்கியைப் பதிவு செய்யக் கையெழுத்து வேண்டும். பொறுப்பேற்ற பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். அந்த இரவில் விரல் எப்படி வலித்திருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்!

1974-இல் சேவா வங்கி பிறந்தது. கையெழுத்துத் தெரியாத பெண்ணுக்கும் அங்கே கணக்கு உண்டு. கணக்கு எண்ணை எழுதிய சிலேட்டைக் கையில் பிடிக்கச் சொல்லி அவளைப் படம் எடுத்தார்கள். அந்தப் படமே அவளுக்கு அடையாளம். வங்கிப் பெண்கள் அவள் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேமிப்பை வாங்கினார்கள். கணக்கு அவள் பெயரில் மட்டும். வேறு யாரும் அந்தப் பணத்தைத் தொட முடியாது.

இந்தக் கடைசி விஷயம் பெரிது. பல பெண்கள் பணத்தை ஒளித்து வைப்பது திருடனுக்குப் பயந்து அல்ல. வீட்டு ஆண்களுக்குப் பயந்து. கணவர் கண்ணில் பட்டால் சாராயக் கடைக்குப் போய்விடும். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு மிஞ்சாது. பாஸ் புத்தகத்தைப் பார்த்தால் தொகை தெரிந்துவிடும். பானை வாய் திறந்து பேசாது. அதனால் பானையை நம்பினார்கள்.

பானையும் ஒரு நாள் கைவிட்டது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு ஓர் அறிவிப்பு வந்தது. நள்ளிரவு முதல் 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. டிசம்பர் 30-க்குள் வங்கியில் கட்ட வேண்டும். ஒளித்து வைத்த பணம் எல்லாம் வெளியே வந்தது. தன் பெயரில் கணக்கு உள்ள பெண் அதைத் தானே போய்க் கட்டினாள். கணக்கு இல்லாத பெண் பலர் கணவரிடமோ மகனிடமோ கொடுத்தார்கள். "இவ்வளவு பணம் ஏது?" என்ற கேள்விக்குப் பதிலும் சொன்னார்கள்.