எண்ணமும் நாவும்

(தனியாள் விடுதலை எனும் பொருளில் நிகழ்ந்த மாணவர் இசையரங்கில் ஆற்றிய தலைமையுரை)



இன்று நீங்கள் பாடியவற்றுள் செருமானிய நாட்டுப்பாடல் ஒன்றின் தமிழாக்கமும் இருந்தது. ‘எண்ணங்கள் கட்டற்றவை’ என்பது அதன் பெயர். ஏறத்தாழ 1780-க்கும் 1800-க்கும் இடையில் துண்டுத்தாள்கள் வழிப் பரவிய பாட்டு அது. அதனோடு பிணைந்த ஒரு மாணவியின் வரலாற்றை நீங்கள் அறிதல் வேண்டும்.

1942 ஆம் ஆண்டு செருமனியில் இட்லரின் கொடுங்கோல் தலைவிரித்தாடியது. அவனை இகழ்ந்து பணியிடத்தில் பேசியதற்காக இராபர்ட்டு சோல் என்பார் சிறையிடப்பட்டார். அவர் மகள் சோபி, மாலைப்பொழுதில் உல்ம் நகரச் சிறைமதிலருகே நின்று, இப்பாட்டின் இசையைக் குழலில் ஊதினார். குழலுக்குச் சொல் வேண்டுவதில்லை. பாட்டை அறிந்தவர்க்கு இசையே பொருளை உணர்த்திவிடும்.

உள்ளத்துள் நினைப்பதை எவரும் தடுக்க இயலாது என்பது உண்மையே. ஆயின் அவ்வுண்மையில் ஓர் இடரும் உண்டு. வாய்திறவா எண்ணத்தைக் கண்டு எக்கொடுங்கோலனும் அஞ்சுவதில்லை. ‘உள்ளத்தில் நான் உரிமையுடையேன்’ என்று தேறிக்கொண்டு, ஊரார் நடுவே தலையசைத்து நிற்பவன் பாதி அடிமையே.

சோபி அவ்வாறு நின்றுவிடவில்லை. மியூனிக்குப் பல்கலைக்கழக மாணவியான அவர், தமையன் ஆன்சோடும் தோழரோடும் ‘வெள்ளை உரோசா’ எனும் மறைகுழுவில் இணைந்து, கொடுங்கோலை எதிர்க்கும் துண்டறிக்கைகளைப் பரப்பினார். 1943 பிப்பிரவரி 18 ஆம் நாள் பல்கலைக்கழகத்திலேயே பிடிபட்டார். 22 ஆம் நாள் ஒரே பகலில் வழக்கும் தீர்ப்பும் சாவொறுப்பும் முடிந்தன. அப்போது அவர்க்கு அகவை 21. அவருடைய குற்றச்சாட்டுத் தாளின் பின்புறத்தில், ‘விடுதலை’ எனப் பொருள்படும் ஒற்றைச் செருமானியச் சொல்லை அவர் எழுதியிருந்தார்.

மாணவச் செல்வங்களே! விரும்பியதை உண்பதும் உடுப்பதும் விடுதலையின் ஒரு கூறு. உள்ளம் தீதெனக் கண்டதை நா தீதெனச் சொல்லுதலே அதன் நிறைவு. மேடையில் பாடுங்கால் கைதட்டுவோம். நாளை வகுப்பில் எளியான் ஒருவனைச் சாதிப்பெயர் சொல்லிப் பலர் எள்ளுங்கால், ‘இது தவறு’ என நீங்கள் ஒருவர் மட்டும் எழுந்தால், கைதட்ட ஒருவரும் இரார். அன்று எழும் குரலே, இன்று பாடிய பாட்டை மெய்யாக்கும்.

குரல்வளம் பெற்றீர்கள், நெஞ்சுரமும் பெறுக! வாழ்க!